அமெரிக்காவில் கம்பெனி செலவில் லாரி ஓட்டக் கற்கலாமா?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கேட்டவர் அமெரிக்காவில் கிரீன் கார்டில் இருக்கிறார், இப்போது கிடங்கு வேலை. பெரிய லாரி ஓட்டும் லைசென்ஸ் எடுக்க ஆசை, ஆனால் தனியார் பயிற்சிப் பள்ளிக்குக் கட்டப் பணம் இல்லை. ஒரு பெரிய போக்குவரத்துக் கம்பெனி, "நாங்களே இலவசமாகக் கற்றுத் தருகிறோம், ஒரு வருடம் எங்களிடம் ஓட்டினால் போதும்" என்கிறது. நம்பிப் போகலாமா என்று கேட்கிறார்.

போகலாம். கையில் பணம் இல்லாதவருக்கு இந்தத் தொழிலுக்குள் நுழைய இதைவிட வேகமான வழி கிடைப்பது கஷ்டம். ஆனால் 'இலவசம்' என்ற பேச்சை மட்டும் முதலிலேயே மனதிலிருந்து எடுத்துவிடுங்கள். கம்பெனி உங்களுக்குக் கொடுப்பது கடன். அதை உங்கள் முதல் வருட உழைப்பில் கழித்துக்கொள்கிறது. கடன் என்று நினைத்துப் பார்த்தால்தான் சரியான கேள்விகள் வரும்: மொத்தம் எவ்வளவு, எப்போது தீரும், நடுவில் விட்டால் என்ன ஆகும், அவர்களே என்னை அனுப்பிவிட்டால் யார் கட்டுவது? நானும் இப்படித்தான் லைசென்ஸ் எடுத்தேன். பிறகு புதியவர்களைப் பக்கத்தில் உட்கார வைத்து டிரெய்னராகவும் ஓட்டியிருக்கிறேன். இரண்டு பக்கமும் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்.

ஸ்விஃப்ட், பிரைம், ரோல், சி.ஆர். இங்லண்ட், சி.ஆர்.எஸ்.டி. என்று இப்படிப் பயிற்சி தரும் பெரிய கம்பெனிகள் பல உண்டு. அவை ஏன் இந்தச் செலவைத் தலையில் போட்டுக்கொள்கின்றன? நீண்ட தூரம் ஓடும் பெரிய கம்பெனிகளில் ஆட்கள் நிற்பதில்லை. அமெரிக்க டிரக்கிங் சங்கம் வெளியிட்டுவந்த கணக்கிலேயே, அப்படிப்பட்ட கம்பெனிகளில் ஆண்டுக்கு ஆள் மாறும் விகிதம் பல வருடங்கள் 90 சதவீதத்தை ஒட்டியே இருந்தது. 100 லாரி வைத்திருக்கும் கம்பெனி வருடத்துக்கு ஏறக்குறைய 90 பேரைப் புதிதாகச் சேர்த்தால்தான் வண்டி ஓடும் என்ற நிலை. அனுபவமுள்ள டிரைவர்கள் வேறு நல்ல இடங்களுக்குப் போய்விடுவதால், புதியவர்களைத் தாங்களே உருவாக்கிக்கொள்கிறார்கள்.

இதில் உங்களுக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. சின்ன கம்பெனிகள் பெரும்பாலும் புது டிரைவரை எடுக்காது. எடுக்க மனமிருந்தாலும் அவர்களுடைய காப்பீட்டு நிறுவனம் ஒரு வருடம், இரண்டு வருடம் அனுபவம் கேட்கும். முதல் வருட டிரைவரைத் தாங்கக்கூடியவை பெரிய கம்பெனிகள்தான். ஆகவே நீங்கள் உண்மையில் தேடிப் போவது லைசென்ஸ் அட்டையை மட்டும் இல்லை. விபத்தில்லாமல் ஓட்டி முடித்த ஒரு வருடம் கையில் இருந்தால், அதற்குப் பிறகு வேலை உங்களைத் தேடி வரும். எந்தக் கம்பெனியில் சேர்வது என்று முடிவு செய்யும்போது, அந்த ஒரு வருடத்தை உடம்புக்கும் லைசென்ஸுக்கும் சேதமில்லாமல் எங்கே முடிக்க முடியும் என்று பாருங்கள். விளம்பரத்தில் போடும் சம்பளத்தை அப்புறம் பார்க்கலாம்.

சட்டம் என்ன கேட்கிறது என்பதையும் கொஞ்சம் தெரிந்துகொள்ளுங்கள். வணிக வாகன ஓட்டுநர் லைசென்ஸ், அதாவது சி.டி.எல்., 1986-இல் வந்த சட்டத்தின்படி உருவானது. 1992 ஏப்ரல் 1 முதல் அது இல்லாமல் பெரிய லாரி ஓட்டக் கூடாது. டிரெய்லர் கோத்த பெரிய லாரிக்கு 'ஏ' வகுப்பு வேண்டும்: மொத்த எடைத் தகுதி 26,001 பவுண்டு அல்லது அதற்கு மேல், அதில் இழுக்கப்படும் பகுதி 10,000 பவுண்டுக்கு மேல். மாநில எல்லை தாண்டி ஓட்ட 21 வயது ஆகியிருக்க வேண்டும். முதலில் எழுத்துத் தேர்வு எழுதிப் பெர்மிட் வாங்க வேண்டும். பெர்மிட் கையில் வந்து 14 நாள் ஆகாமல் ஓட்டும் தேர்வுக்குப் போக முடியாது. பெர்மிட்டில் ஓட்டும்போது சி.டி.எல். உள்ள ஒருவர் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருக்க வேண்டும். அவர் பின்னால் படுக்கையில் தூங்கிக்கொண்டிருந்தால் அது சட்டவிரோதம்.

2022 பிப்ரவரி 7 முதல் இன்னொரு விதியும் சேர்ந்தது. லாரிப் போக்குவரத்தின் பாதுகாப்பைக் கவனிக்கும் மத்திய அரசின் எஃப்.எம்.சி.எஸ்.ஏ. அமைப்பு நடத்தும் பதிவேட்டில் பெயர் உள்ள பயிற்சி நிலையத்தில் பயின்றால் மட்டுமே ஓட்டும் தேர்வு எழுதலாம். வகுப்புப் பாடத்தில் 80 சதவீத மதிப்பெண் எடுக்க வேண்டும். ஆனால் ஸ்டீரிங் பிடித்து இத்தனை மணி நேரம் ஓட்டியே ஆக வேண்டும் என்று அந்த விதி சொல்லவில்லை. 'இவருக்கு ஓட்ட வருகிறது' என்று பயிற்சியாளர் முடிவு செய்து பதிவேட்டில் ஏற்றிவிட்டால் போதும். ஆகவே ஒரே விதியின் கீழ் நல்ல பள்ளியும் நடக்கும், அவசரப் பள்ளியும் நடக்கும். 2025 டிசம்பரில் போக்குவரத்துத் துறை ஏறக்குறைய 3,000 பயிற்சி நிலையங்களைப் பதிவேட்டிலிருந்து நீக்கும் நடவடிக்கையை அறிவித்தது. எனவே நீங்கள் போகப்போகும் பள்ளியின் பெயர் பதிவேட்டில் இன்றைக்கு இருக்கிறதா என்று நீங்களே இணையத்தில் பார்த்துவிடுங்கள். ஆள் சேர்ப்பவர் சொல்வதை மட்டும் வைத்து முடிவு செய்ய வேண்டாம்.

சரி, நடைமுறை எப்படி இருக்கும்? முதலில் தொலைபேசியில் ஆள் சேர்ப்பவர் பேசுவார். பழைய வேலைகள், டிராஃபிக் அபராதங்கள், விபத்துகள், வழக்குகள் எல்லாம் கேட்பார். மறைக்காதீர்கள். அவர்கள் பின்னணியைத் தோண்டிப் பார்ப்பார்கள், மறைத்தது தெரிந்தால் ஓரியண்டேஷன் என்ற முதல் அறிமுக நாட்களிலேயே ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். பிறகு பஸ் டிக்கெட் வரும், டெர்மினல், அதாவது கம்பெனியின் லாரி நிலையம், இருக்கும் ஊருக்குப் போவீர்கள். அங்கே மருத்துவப் பரிசோதனை, போதைப்பொருள் பரிசோதனை, வகுப்பு, மைதானத்தில் ஓட்டும் பயிற்சி. சில வாரங்களில் தேர்வு. வேறு மாநிலத்தில் ஓட்டும் தேர்வு எழுதினாலும் உங்கள் மாநிலம் அந்த முடிவை ஏற்றுக்கொண்டு லைசென்ஸ் தர வேண்டும், அது விதி. கம்பெனியே தேர்வாளர்களை வைத்திருக்கலாம். ஆனால் உங்களுக்குக் கற்றுக்கொடுத்தவரே உங்களுக்குத் தேர்வு நடத்தக் கூடாது.

மருத்துவப் பரிசோதனையை மட்டும் கிளம்புவதற்கு முன்பே சொந்தச் செலவில் முடித்துவிடுங்கள். அரசுப் பட்டியலில் உள்ள மருத்துவரிடம்தான் செய்ய வேண்டும். கண்ணாடி போட்டோ போடாமலோ ஒவ்வொரு கண்ணிலும் 20/40 பார்வை, போக்குவரத்து விளக்கின் நிறங்கள் தெரிவது, கட்டுக்குள் இருக்கும் ரத்த அழுத்தம், இவையெல்லாம் பார்ப்பார்கள். குறட்டை, தூக்கத்தில் மூச்சுத்திணறல் இருக்கிறதா என்றும் கேட்பார்கள். இருக்கும் வேலையை விட்டுவிட்டு, வெளியூர் போய், இரண்டாம் நாளே ரத்த அழுத்தம் அதிகம் என்று திரும்பி வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த வேதனை யாருக்கும் வர வேண்டாம். கஞ்சா உங்கள் மாநிலத்தில் சட்டப்படி சரியாக இருந்தாலும் இந்த வேலையில் கூடவே கூடாது. பரிசோதனையில் தோற்றால் அது 2020-இல் தொடங்கிய, போதைப்பொருள் பரிசோதனைகளுக்கான தனி மத்தியப் பதிவேட்டில் ஏறும், எந்தக் கம்பெனியும் அதைப் பார்க்கும். சில கம்பெனிகள் தலைமுடியையும் எடுத்துப் பரிசோதிக்கின்றன.

ஆங்கிலம் பற்றியும் சொல்ல வேண்டும். சாலைப் பலகைகளைப் படிக்கவும் அதிகாரி கேட்பதற்குப் பதில் சொல்லவும் தேவையான ஆங்கிலம் டிரைவருக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பது பழைய விதிதான். 2025 ஜூன் 25 முதல், சாலையோரச் சோதனையில் அது இல்லை என்று அதிகாரி முடிவு செய்தால் அந்த இடத்திலேயே உங்களை ஓட்ட விடாமல் நிறுத்திவிடலாம். கிடங்கில் ஆங்கிலத்தில் பேசிப் பழகியவருக்கு இது பெரிய தடையாக இருக்காது. ஆனால் 'எங்கிருந்து வருகிறீர்கள், என்ன லோடு, எத்தனை மணிக்குக் கிளம்பினீர்கள்' என்ற கேள்விகளுக்குத் தயங்காமல் பதில் சொல்லிப் பழகிக்கொள்ளுங்கள். கிரீன் கார்டு உள்ள உங்களுக்குச் சாதாரண சி.டி.எல். கிடைக்கும். வேலை அனுமதி அட்டை மட்டும் வைத்திருப்பவர்களுக்கு 2025-இலிருந்து விதிகள் இறுகியும் மாறியும் வருகின்றன. அவர்கள் கம்பெனியிடம் பேசும் முன் லைசென்ஸ் தரும் மாநில டி.எம்.வி. அலுவலகத்தில் கேட்டுவிட வேண்டும்.

இனி ஒப்பந்தத்துக்கு வருவோம். உங்களுக்கு ஓரியண்டேஷன் முதல் நாளில் ஒரு கட்டுக் காகிதம் கொடுத்து, வரிசையாகக் கையெழுத்துப் போடச் சொல்வார்கள். களைப்பாக இருப்பீர்கள், பக்கத்தில் இருப்பவர்கள் எல்லாம் போட்டுக்கொண்டிருப்பார்கள். அந்த நேரத்தில் யாராலும் ஒழுங்காகப் படிக்க முடியாது. அதனால் கிளம்பும் முன்பே பயிற்சி ஒப்பந்தத்தை மின்னஞ்சலில் அனுப்பச் சொல்லுங்கள். அனுப்ப மாட்டோம் என்று சொல்லும் கம்பெனியை விட்டுவிடுங்கள். நான் இதில் பிடிவாதமாகவே இருக்கிறேன்.

வந்ததும் நேராக, 'நடுவில் வேலையை விட்டால்' என்று வரும் பத்தியைத் தேடுங்கள். அங்கே மூன்று நான்கு விஷயங்கள் பார்க்க வேண்டும். பயிற்சிக்கு எவ்வளவு விலை போட்டிருக்கிறார்கள்? அதே ஊர்ச் சமுதாயக் கல்லூரியில் அதே பயிற்சிக்கு ஆகும் செலவோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கடன் மாதாமாதம் குறைகிறதா, அல்லது கடைசி நாள் வரை முழுத் தொகையும் அப்படியே நிற்கிறதா? இது மிக முக்கியம். ஒரு வருட ஒப்பந்தத்தில் பதினோராம் மாதம் விலகினால், ஒரு கம்பெனியில் கொஞ்சம் பாக்கி இருக்கும், இன்னொன்றில் முழுத் தொகையும் கேட்பார்கள். வருடம் எந்த நாளிலிருந்து தொடங்குகிறது? சேர்ந்த நாளா, லைசென்ஸ் வாங்கிய நாளா, தனியாக ஓட்டத் தொடங்கிய நாளா? இதில் இரண்டு மூன்று மாதம் வித்தியாசம் வரும். சில ஒப்பந்தங்கள் மாதக் கணக்கு இல்லாமல் மைல் கணக்கு வைக்கின்றன. லோடு கொடுப்பது அவர்கள் கையில் இருக்கும்போது, அந்தக் கணக்கு எப்போது முடியும் என்பதும் அவர்கள் கையில்தான். கடைசியாக, அவர்களே உங்களை நீக்கினாலோ, உடம்பு முடியாமல் போனாலோ கடன் யார் தலையில்? 'எந்தக் காரணத்தால் விலகினாலும்' என்று எழுதியிருந்தால், சின்ன உரசலுக்காக நீக்கப்பட்டாலும் நீங்கள்தான் கட்ட வேண்டும்.

கட்டாமல் விட்டால் கடைசிச் சம்பளத்தில் பிடிப்பார்கள், மீதியை வசூல் நிறுவனத்திடம் கொடுப்பார்கள், கிரெடிட் கெடும். இந்த மாதிரி 'இரு அல்லது கட்டு' ஒப்பந்தங்களுக்கு எதிராகச் சட்டங்களும் வரத் தொடங்கியிருக்கின்றன. கலிஃபோர்னியாவில் 2026 ஜனவரி 1 முதல் போடப்படும் இப்படிப்பட்ட ஒப்பந்தங்களில் பெரும்பாலானவை தடை செய்யப்பட்டிருக்கின்றன, சில விதிவிலக்குகளோடு. மற்ற மாநிலங்களில் நிலைமை வெவ்வேறு. ஒப்பந்தத்தில் எந்த மாநிலச் சட்டம் பொருந்தும் என்று எழுதியிருக்கிறார்கள் என்பதையும் பாருங்கள்.

'தகராறு வந்தால் நீதிமன்றம் கிடையாது, நடுவர்தான்', அதாவது நீதிபதிக்குப் பதில் தனியார் ஒருவர் முடிவு சொல்வார் என்ற பத்தியும் பெரும்பாலும் இருக்கும். இதில் டிரைவர்களுக்கு ஒரு நல்ல தீர்ப்பு உண்டு. பிரைம் கம்பெனியில் பயிற்சியில் சேர்ந்து, பிறகு தனி ஒப்பந்தக்காரர் என்ற பெயரில் ஓட்டிய ஒருவர், தனக்குக் குறைந்தபட்சக் கூலி கிடைக்கவில்லை என்று வழக்குப் போட்டார். நியூ பிரைம் எதிர் ஒலிவெய்ரா என்ற அந்த வழக்கில், 2019 ஜனவரியில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 8-0 என்று தீர்ப்பளித்தது: மாநிலங்களுக்கு இடையே ஓடும் போக்குவரத்துத் தொழிலாளர்களை மத்திய நடுவர் சட்டத்தைக் காட்டி நடுவரிடம் போகும்படி கட்டாயப்படுத்த முடியாது, 'ஒப்பந்தக்காரர்' என்று பெயர் வைத்திருந்தாலும் சரி. மாநிலச் சட்டங்களை வைத்துக் கம்பெனிகள் வேறு வாதம் செய்யலாம் என்றாலும், கையெழுத்துப் போட்டதால் எல்லா வழியும் அடைந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம்.

பள்ளியில் நீங்கள் கற்கும் பாடம் பெரும்பாலும் தேர்வுக்கான பாடம். அதில் குறையொன்றும் இல்லை, ஏனென்றால் தேர்வே உயிர் காக்கும் விஷயங்களைத்தான் கேட்கிறது. ஏர் பிரேக் சோதனையை எடுத்துக்கொள்ளுங்கள். சக்கரத்துக்குக் கட்டை வைத்துவிட்டு, என்ஜினை நிறுத்தி, சாவியை ஆன் நிலையில் வைத்து, லாரிக்கும் டிரெய்லருக்குமான நிறுத்த பிரேக்கின் மஞ்சள், சிவப்பு இரண்டு குமிழ்களையும் உள்ளே தள்ளி பிரேக்கை விடுவிக்க வேண்டும். கால் பிரேக்கை அழுத்தி ஒரு நிமிடம் அப்படியே பிடிக்க வேண்டும். டிரெய்லர் கோத்த வண்டியில் அந்த ஒரு நிமிடத்தில் காற்றழுத்தம் 4 பி.எஸ்.ஐ.க்கு (அழுத்தத்தின் அலகு) மேல் இறங்கக் கூடாது. பிறகு பெடலை விட்டு விட்டு அழுத்தினால் காற்றழுத்தம் காட்டும் முள் இறங்கிக்கொண்டே வரும். 55-க்குக் கீழே போகும் முன் எச்சரிக்கை விளக்கும் சத்தமும் வர வேண்டும். இன்னும் அழுத்தினால், 20-க்கும் 45-க்கும் இடையில் இரண்டு குமிழ்களும் தாமாகவே வெளியே குதிக்க வேண்டும். காற்று போனால் பிரேக் பிடித்துக்கொள்ளும் என்பதை உங்கள் கையும் காதும் உணரும் இடம் அது. இந்த எண்களை வாய்ப்பாடாகச் சொல்லிவிட்டுப் போகிறவர்கள் தேர்வில் தேறுவார்கள். ஏன் என்று புரிந்துகொண்டவர்கள் மலை இறக்கத்தில் பிழைப்பார்கள். கிளம்பும் முன் இரண்டு வாரம் வீட்டிலேயே உங்கள் மாநிலத்தின் சி.டி.எல். கையேட்டை எடுத்துப் பொது அறிவு, ஏர் பிரேக், கோத்த வாகனங்கள் ஆகிய மூன்று பகுதிகளையும் படித்துப் பெர்மிட்டையும் வாங்கிவிட்டால், அங்கே போய் மைதானத்தில் அதிக நேரம் கிடைக்கும்.

பள்ளி முடிந்து லைசென்ஸ் வந்த பிறகுதான் உண்மையான பயிற்சி. ஒரு டிரெய்னரின் லாரியில் சில வாரங்கள் ஏற்றிவிடுவார்கள். ஆள் சேர்ப்பவர் இதைப் பற்றி ஒரு வரிதான் சொல்வார், நீங்களும் அதிகம் கேட்க மாட்டீர்கள். ஆனால் உங்கள் முதல் வருடம் எப்படி அமையும் என்பது இங்கேதான் முடிவாகிறது.

பதிவேட்டுப் பள்ளியில் ஓட்டக் கற்றுக்கொடுப்பவருக்குக் குறைந்தது இரண்டு வருட அனுபவம் வேண்டும் என்று மத்திய விதி இருக்கிறது. லைசென்ஸ் வந்த பிறகு உங்களோடு வரும் டிரெய்னருக்கு அந்த விதி பொருந்தாது. அவருக்கு எத்தனை வருட அனுபவம், என்ன சொல்லித்தர வேண்டும் என்பதெல்லாம் கம்பெனியின் விருப்பம். ஒரு வருடம்கூட முழுதாக ஓட்டாதவரை டிரெய்னராக அனுப்பும் இடங்களும் உண்டு. அவருக்கு அதில் கூடுதல் காசு வருகிறது, கம்பெனிக்கு வண்டி ஓடுகிறது. உங்களுக்குப் பாடம் கிடைக்கிறதா என்பது அவருடைய மனதைப் பொறுத்தது.

ஓட்டும் நேர விதியைப் பாருங்கள். ஒரு டிரைவர் 10 மணி நேர ஓய்வுக்குப் பிறகு, 14 மணி நேரத்துக்குள் 11 மணி நேரம் ஓட்டலாம். இரண்டு பேர் இருந்தால் ஒரே லாரி ஒரு நாளில் கிட்டத்தட்ட 22 மணி நேரம் ஓடும். உங்களிடம் லைசென்ஸ் இருப்பதால் டிரெய்னர் பின்னால் தூங்கலாம், அது சட்டப்படி சரி. ஆகவே பல இடங்களில் பயிற்சி என்ற பெயரில் நடப்பது இதுதான்: பகலில் டிரெய்னர் ஓட்ட நீங்கள் ஆடும் படுக்கையில் தூங்க முயல்வீர்கள். இரவில் நீங்கள் நெடுஞ்சாலையில் நேராக ஓட்டுவீர்கள், அவர் தூங்குவார். கிடங்கு வந்ததும் நேரமாகிறது என்று அவரே ரிவர்ஸ் எடுத்து நிறுத்திவிடுவார். இப்படி ஆயிரக்கணக்கான மைல் ஓடிவிட்டு, ஒரு முறைகூட ஒழுங்காகப் பின்னால் எடுத்து நிறுத்தாத டிரைவர் தனி வண்டிக்குப் போவார். முதல் வருட விபத்துகளில் நான் அதிகம் பார்த்தது நெடுஞ்சாலையில் நடந்தவை இல்லை. வண்டி நிறுத்தும் இடத்தில், இரவில், பின்னால் எடுக்கும்போது பக்கத்து லாரியின் முகப்பில் இடித்தவை.

53 அடி டிரெய்லரைப் பின்னால் எடுப்பதைப் புத்தகத்தில் கற்க முடியாது. டிரெய்லர் இடப்பக்கம் போக வேண்டும் என்றால் ஸ்டீரிங்கை வலப்பக்கம் திருப்ப வேண்டும், திரும்பத் தொடங்கியதும் உடனே மறுபக்கம் எடுத்து அதைத் தொடர வேண்டும். தாமதித்தால் லாரியும் டிரெய்லரும் மடங்கிக்கொள்ளும். கையில் இது ஏற நேரம் பிடிக்கும். அதுவரை எத்தனை முறை வேண்டுமானாலும் பிரேக் போட்டு, இறங்கிப் போய்ப் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டு வாருங்கள். பின்னால் நிற்கிறவர்கள் ஹாரன் அடிக்கட்டும். பழைய டிரைவர்கள் எல்லாரும் இப்படி இறங்கிப் பார்க்கிறவர்கள்தான்.

அதனால் ஆள் சேர்ப்பவரிடம் இவற்றைக் கேளுங்கள். டிரெய்னருக்குக் குறைந்தபட்ச அனுபவம் என்ன? முதல் எத்தனை மணி நேரம் அல்லது மைல் அவர் முன் இருக்கையில் விழித்து உட்கார்ந்திருப்பார்? எத்தனை முறை நானே பின்னால் எடுத்து நிறுத்த வேண்டும் என்று கணக்கு வைத்திருக்கிறீர்களா? டிரெய்னரோடு ஒத்துவரவில்லை என்றால் யாரிடம் சொல்வது, மாற்றினால் எனக்கு அபராதம் உண்டா? பதில் தெளிவாக இருந்தால் அந்தக் கம்பெனி இதைப் பற்றி யோசித்திருக்கிறது என்று அர்த்தம். டிரெய்னரோடு இருக்கும்போது ரிவர்ஸ் மட்டுமல்ல, எடை பார்க்கும் வேலையையும் நீங்களே செய்யுங்கள். சாதாரணமாக மொத்தம் 80,000 பவுண்டு, அதில் முன் அச்சில் 12,000, ஓட்டும் அச்சுகளில் 34,000, டிரெய்லர் அச்சுகளில் 34,000 என்று பிரித்து நிற்க வேண்டும். எடை மேடையில் ஏற்றிப் பார்த்து, டிரெய்லர் அச்சை முன்னும் பின்னும் நகர்த்திச் சரிசெய்யும் வேலையை ஒரு முறையாவது நீங்களே பூட்டைக் கழற்றி, நகர்த்தி, பூட்டிப் பார்க்க வேண்டும். தனியாகப் போன பிறகு நள்ளிரவில் அதைக் கற்றுக்கொள்வது கொடுமை.

பெண்கள் யாராவது இதைப் படித்தால்: இரவும் பகலும் முன்பின் தெரியாத ஒருவரோடு ஒரே கேபினில் இருப்பது சாதாரண விஷயமில்லை. பெண் டிரெய்னர் கேட்டால் கிடைக்குமா, எத்தனை நாள் காத்திருக்க வேண்டும், ஆண் டிரெய்னர் என்றால் இரவில் ஓட்டலில் தனி அறை தருவார்களா, வழியில் இறங்கிவிட நேர்ந்தால் வீட்டுக்கு டிக்கெட் யார் போடுவார்கள் என்று எழுத்திலேயே கேட்டு வாங்குங்கள். கேட்பதற்குத் தயங்கவே வேண்டாம்.

சம்பளத்தை இரண்டாகப் பிரித்துப் பாருங்கள். பயிற்சிக் காலத்தில் வாரத்துக்கு ஒரு நிலையான தொகை தருவார்கள், அது குறைவாகத்தான் இருக்கும். வீட்டு வாடகை கட்ட வேண்டிய குடும்பஸ்தர் என்றால், இரண்டு மூன்று மாதச் செலவுக்குப் பணம் ஒதுக்கிவிட்டுக் கிளம்புங்கள். பிறகு மைல் கணக்கு. மைலுக்கு 50 சென்ட் என்று வைத்துக்கொண்டால், 2,000 மைல் ஓடிய வாரத்தில் பிடித்தத்துக்கு முன் 1,000 டாலர். 1,200 மைல்தான் கிடைத்தது என்றால் 600. மைலுக்கு எவ்வளவு என்பதைவிட, புது டிரைவர்களுக்கு வாரத்துக்குச் சராசரியாக எத்தனை மைல் கொடுக்கிறீர்கள் என்று கேட்பதுதான் உபயோகம். கிடங்கு வாசலில் காத்திருக்கும் மணிகளுக்குக் காசு உண்டா என்றும் கேளுங்கள். 1938-இல் வந்த தொழிலாளர் சட்டத்தின் விலக்குப்படி, இந்த வகை டிரைவர்களுக்கு மத்தியச் சட்டத்தில் ஓவர்டைம் கிடையாது. குறைந்தபட்சக் கூலி விதி மட்டும் பொருந்தும்.

கம்பெனி வழியை முடிவு செய்யும் முன், உங்கள் ஊரில் உள்ள அமெரிக்க வேலை மையத்துக்கு ஒரு நடை போய்வாருங்கள். 2014-இல் வந்த தொழிலாளர் வாய்ப்புச் சட்டத்தின் நிதியில், தகுதியுள்ளவர்களுக்குச் சமுதாயக் கல்லூரியிலோ மாநிலப் பட்டியலில் உள்ள பள்ளியிலோ சி.டி.எல். பயிற்சிக் கட்டணத்தை அவர்களே கட்டுவார்கள். திருப்பித் தர வேண்டியதில்லை, ஒப்பந்தமும் இல்லை. காகித வேலை கொஞ்சம் இழுக்கும். ஆனால் அது கிடைத்துவிட்டால், நீங்கள் எந்தக் கம்பெனியையும் தேர்ந்தெடுக்கும் சுதந்திரத்தோடு போவீர்கள். பள்ளிக் கட்டணத்தை மாதாமாதம் திருப்பித் தரும் கம்பெனிகளும் உண்டு. உங்கள் நிலையில் இருந்தால் நான் முதலில் இந்த வழியைத்தான் முயன்று பார்ப்பேன், ஒரு மாதம் தாமதமானாலும் பரவாயில்லை. கிடைக்காவிட்டால் கம்பெனி வழி. கம்பெனிகளில், மாதாமாதம் கடன் குறைவதாக எழுத்தில் தருவதையும், டிரெய்னர் முன் இருக்கையில் இருக்கும் காலம் நீளமாக உள்ளதையும் தேர்ந்தெடுங்கள். மைலுக்கு ஐந்து சென்ட் குறைவாக இருந்தாலும் அதற்கே போங்கள்.

தனியாக ஓட்டத் தொடங்கிய சில வாரங்களிலேயே, 'நீங்களே லாரி முதலாளி ஆகலாம், குத்தகைக்கு எடுத்து மெல்லச் சொந்தமாக்கிக்கொள்ளலாம்' என்று பேச வருவார்கள். முதல் வருடத்தில் அதைத் தொடவே தொடாதீர்கள். லோடு கொடுப்பது, தவணை பிடிப்பது, வண்டியின் விலை சொல்வது எல்லாம் ஒரே கை. ஓட்டம் குறைந்த வாரத்திலும் தவணை குறையாது. காங்கிரஸ் உத்தரவுப்படி இதை ஆராய அமைக்கப்பட்ட குழு, இந்த வகைக் குத்தகைத் திட்டங்களையே தடை செய்ய வேண்டும் என்று 2025-இல் பரிந்துரைத்திருக்கிறது.

ஒருவேளை நடுவில் விலக வேண்டி வந்தால், எவ்வளவு கோபம் இருந்தாலும் லாரியை வழியில் எங்கேயாவது நிறுத்திவிட்டுப் போகாதீர்கள். 'வண்டியைக் கைவிட்டவர்' என்ற ஒரு வரி உங்கள் வேலை வரலாற்று அறிக்கையில் ஏறிவிட்டால், அடுத்த கம்பெனி தொலைபேசியைக்கூட எடுக்காது. உங்களுக்கு லோடு ஒதுக்கும் டிஸ்பாட்சருக்கு எழுத்தில் தெரிவியுங்கள். கம்பெனி டெர்மினலுக்கு ஓட்டிப் போய் ஒப்படையுங்கள். வண்டியின் நான்கு பக்கமும் உள்ளேயும் படம் எடுத்துக்கொள்ளுங்கள், சாவி வாங்கியவரிடம் கையெழுத்து வாங்குங்கள். அந்த வேலை வரலாற்று அறிக்கையின் நகலைக் கேட்டு வாங்கிப் பார்க்கும் உரிமையும், தவறாக இருந்தால் மறுக்கும் உரிமையும் சட்டப்படி உங்களுக்கு உண்டு. விலகிய இரண்டு மூன்று வாரத்தில் அதை வாங்கிப் பார்த்துவிடுங்கள்.